பூஜைக்கு மறுநாள் அளந்த பன்னிரண்டு

26 அக்., புதன். மழை.

தப்பு என்று திரும்பி வந்த பன்னிரண்டு சர்க்யூட் போர்டுகளையும், அதிர்வெண் நம்பர் காட்டும் கவுண்டர் பெட்டியில் மறுபடி அளந்தேன். எல்லாவற்றிலும் நம்பர் கூடுதல், அது தெரிந்ததுதான். ஆனால் செய்த வரிசைப்படி வைத்தால் 41, 37, 30, 24, 19... கடைசிப் போர்டு 2. படி இறங்குவது போல.

முதலாளி சார் வரிசையைப் பார்க்கவில்லை. திருகித் திருகி டியூன் செய்வது மும்தாஜ் அக்கா. நம்பர் பார்த்து "போதும்" சொல்வது நான். அக்காவைக் கூப்பிட்டார். "கை ஆடுதும்மா உனக்கு. சனிக்கிழமையோட நின்னுக்கோ."

ஒன்பது வருஷ வேலை. கை ஆடினால் கூடவும் வரும், குறையவும் வரும்தானே?

செருப்பு அறுந்தது. ராயப்பேட்டையிலிருந்து வெறுங்காலோடு.

27, வியாழன்.

ரெஜிஸ்டரில் அந்தப் போர்டுகள் செய்த தேதி பார்த்தேன். 14. ஆயுத பூஜைக்கு மறுநாள்.

கவுண்டர் பிளக்கை ராத்திரிகூடப் பிடுங்கக் கூடாது. உள்ளே சூடு ஆறினால் நம்பர் தப்பு. மாட்டிய பிறகு மறுபடி சூடேறிச் சரியாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேர்ந்த அன்றே சொன்னார்கள். பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்க நான்தான் பிடுங்கினேன், ஷாக் அடிக்கும் என்று. மறுநாள் காலைதான் மாட்டினேன். ராகுகாலத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும் என்று சார் அவசரப்படுத்தினார். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்தார். "பாரு, ஆடுதா? இத்த இப்டியே புட்சிகினு மவுண்ட் ரோடு வரைக்கும் போவேன்." சிரித்தார். நானும்.

28, வெள்ளி. தூறல்.

சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார். எட்டாவதோடு நின்றவளுக்கு இந்த நாற்காலி வேறு எங்கே? அம்மா மறுபடி அடையாறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கக் கூட்டிப் போவாள்.

மொட்டைமாடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், அது வந்து" வரை வந்தது.

நீலத் தாவணி காயவே இல்லை.

மாலை எல்லோரும் இறங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

29, சனி.

காலை மாட்டினேன். உடனே நல்ல போர்டு ஒன்றை வைத்து, சாரைக் கையால் கூப்பிட்டேன். நாற்பது குறைவு. பார்க்கப் பார்க்க முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. சார் சுவரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார்.

"யாரு இத எடுத்தது?"

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

கையைத் தூக்கினேன். "பூஜை அன்னைக்கும் நான்தான் சார்."