கால் டம்ளர் பாதரசம்

ஜூன் 6, 2024
பாலக்கோட்டில் மழை இல்லை. செக்கப்புக்கு வந்த மகள் ஐஸ்வர்யா கைப்பையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் காட்டினாள். ரசமணி. பாதரசத்தைக் கெட்டியாகக் கட்டிச் செய்ததாம். அவள் மாமனார் தர்மன் ஓசூரில் ஒருவரிடம் வாங்கியது. தினமும் பாலில் போட்டு ஊறவைத்துக் குடிக்கிறாள். சுகப்பிரசவம் ஆகுமாம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் குடிக்க வேண்டும். இன்று ஒன்பதாம் நாள். இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது.

ஏழு மாதக் கர்ப்பிணி. மணியை ஒருநாள் மட்டும் கேட்டு வாங்கி வைத்தேன்.

ஜூன் 7
தாவூது பாய் நகைக்கடைத் தராசில் 21.8 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 19.2. ஆக, அடர்த்தி 8.4. பாதரசம் 13.6, அதுவும் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரி வேண்டும்.

காற்றுக்குமிழி ஒட்டியிருக்குமோ? துடைத்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். அதே 8.4. வெள்ளீயம் இருக்கலாம், ஈயம் இருக்கலாம், கொஞ்சம் பாதரசமும் இருக்கலாம். அதைத் தராசு சொல்லாது. எதுவானாலும் பாலில் போடுகிற பொருளா?

ஜூன் 8
மனைவி ரோசம்மாளிடம் சொன்னேன். “பொண்ணக் குடுத்த எடம். சம்பந்திகிட்ட வாத்தியார் வேலையக் காட்டாதீங்க” என்றாள். மணியை வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஐஸ்வர்யாவிடம் குடிக்காதே என்று போனில் சொன்னேன். மாமனார் எதிரிலேயே நின்று குடிக்கவைக்கிறாராம்.

ஜூன் 12
போன் செய்தேன். தர்மன் எடுத்ததும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் 13.6 என்று சொன்னவன். சீ.

ஜூன் 16
மாரண்டஹள்ளியில் வளைகாப்பு. எல்லார் முன்னிலையிலும் தர்மன் பால் டம்ளரை ஐஸ்வர்யா கையில் கொடுத்தார். அடியில் மணி. கால் டம்ளர் பாதரசத்தை இத்தனூண்டு மணிக்குள் கட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

கால் டம்ளரா? 50 மில்லி. 13.6-ஆல் பெருக்கிப் பார்த்தேன். எழுந்துபோய் டம்ளரை வாங்கிவிட்டேன். நானா?

“என்னங்க சம்பந்தி, நாலு பேரு முன்னாடி புடுங்கறீங்க?”

“கால் டம்ளர் பாதரசம் அறுநூத்தி எண்பது கிராம் இருக்குங்க. இந்த மணி இருபத்திரெண்டுகூட இல்லீங்க. மீதி எங்கீங்க?”

“கட்டும்போது ஆவியாப் போயிருக்கும்.”

“இதுல மிச்சம் இருந்தா, அது எம் பொண்ணு வயித்துக்குப் போவுதுங்க. குடிக்க வுடமாட்டேன்.”

என் சட்டையெல்லாம் பால். பிடுங்கிய வேகம் அப்படி. அவருடைய அக்கா ராமக்காள்தான் சிரித்தார். “தருமா, அரக்கிலோவுக்கு மேல காணோம். வாத்தியாரு கேக்கறது நாயந்தானே?” தர்மன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஐஸ்வர்யா எங்களோடு காரில் ஏறினாள். மணி மூடிபோட்ட சீசாவில், என் பையில்.

ஜூன் 24
ஐஸ்வர்யாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பயமில்லை என்றார் டாக்டர். இரண்டு முறை கேட்டேன்.

ஜூலை 19
தர்மன் இன்னும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் ரோசம்மாள். எதற்கு? சத்தம் போட்டதற்கு வேண்டுமானால் கேட்கிறேன். 680-க்குக் கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 20
மதியம் 1.10. பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

மாலையில் தர்மன் வந்தார். என்னைப் பார்க்காமலே குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“கனமாத்தான் இருக்கா. எவ்வளவுங்க, சம்பந்தி?”

நர்சு பக்கத்திலேயே நின்றிருந்தாள். என்னைத்தான் கேட்டார்.

இரண்டு கிலோ எழுநூற்று இருபது என்றேன். வீட்டுக்கு வந்து 13.6-ஆல் வகுத்துப் பார்த்தேன். 200 மில்லி. சரியாக ஒரு டம்ளர்.