கயிறு பிடித்தவனும் நோட்டு எழுதியவனும்

மணல்திட்டு,
மார்ச் 4

அன்புள்ள நோட்டுக்கு,

கயிறு எழுதுவது. முட்டிவலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஓய்வு பெற்றபோது பேனாவையும் ஆபீசிலேயே விட்டுவிட்டாயோ?

இந்த வருஷ வெள்ளம் ஆற்றையே புரட்டிப் போட்டுவிட்டது. நடு ஆற்றில் கிடக்கும் இந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம், உங்கள் கரையை ஒட்டிய கிளை மணல் மூடிக் கிடக்கிறது. எங்கள் கரையை ஒட்டியது குடைந்துகொண்டு ஓடுகிறது. ஒப்பந்தம் உனக்குத் தெரியாததா? எந்தக் கிளை ஆழமோ அதுதான் எல்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் பக்கம்தான் ஆழம் என்று நாம் அளந்து கொடுத்ததால் திட்டு எங்கள் நாட்டோடு நின்றது. இப்போது மறுபடி அளக்கப்போகிறார்களாம். கை மாறினால் என் வீடு வெளிநாடு. நான் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஆனால் என் வீட்டுக்காரியைப் புதைத்த இடத்தை எந்தப் பெட்டியில் வைப்பேன், சொல்.

உங்கள் சார்பில் நோட்டுப் பிடிக்க உன்னையே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாமே. வேறொன்றும் கேட்கவில்லை. பார்த்து எழுது.

உன்,
கயிறு

---

மார்ச் 15

அன்புள்ள கயிறு,

கூப்பிட்டது உண்மைதான். உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தப் பழைய படகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாட்டுக்காரன் கயிறு விட்டு ஆழத்தைச் சொல்ல, மறு நாட்டுக்காரன் எழுதவேண்டும். தனியாக விட்டால் ஏமாற்றிவிடுவோம் என்று இரண்டு அரசுக்கும் அவ்வளவு நம்பிக்கை!

"உங்களுக்கு முதுகுக்குப் பின்னால மலை. எந்தப் படையும் ஏறி வராது. அதான் வருஷத்துக்கு ஒரு மந்திரிசபையைக் கவுத்து விளையாடுறீங்க. எங்களுக்கு நாலு பக்கமும் வெட்டவெளி. எவன் வருவானோன்னு பயந்தே ஒரே ஆளுகிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டோம்" என்பேன்.

"அணைச் சாவி எங்ககிட்ட இருக்குல்ல? கோடை வரட்டும், உங்க ஆளு தானா சிரிச்சுப் பேசுவாரு" என்பாய். எவ்வளவு திமிர் உனக்கு!

இனி மறைத்துப் பயனில்லை. அன்று நீ, "எங்க பக்கம் பதினாலு அடி, உங்க பக்கம் பதிமூணு" என்று கத்தினாய். நான் மாற்றி எழுதினேன். நீ கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தவள் அந்தத் திட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தாள். திட்டு எங்களுக்கு வந்திருந்தால் உங்கள் இருவருக்கும் நடுவில் காவல்சாவடி வந்திருக்கும். அந்த ஓரடியால் எங்கள் கரை மீனவர்கள் இத்தனை வருஷம் திட்டுப் பக்கம் வலை போட முடியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே நான் கிழவனானேன். மறுபடி என்னால் முடியாது. மன்னித்துவிடு.

உன்,
நோட்டு

---

மார்ச் 27

அட மடையா,

பக்கத்தின் அடியில் நானும்தானே கையெழுத்துப் போட்டேன்? படிக்காமலா போடுவேன்? பார்த்தேன், தெரிந்தேதான் போட்டேன். அவளிடமும் சொன்னேன். "கல்யாணத்துக்கு எல்லாரும் பாத்திரம் பண்டம் குடுப்பாங்க. இந்த மனுஷன் திட்டையே தூக்கிக் குடுத்திருக்காரே!" என்று சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மீனவர்களை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. உன்மேல் கோபமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது. பெட்டியை இறக்கித் தூசு தட்டிவிட்டேன். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கயிறு

---

ஏப்ரல் 19

அன்புள்ள கயிறு,

எங்கள் பக்கம் ஆறடி, உங்கள் பக்கம் பதினேழு. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். திட்டு எங்களுக்கு வந்துவிட்டது. அளக்கும்போது நீ வாசலில் நிற்பதாகப் படகில் சொன்னார்கள். நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பெட்டியைத் திரும்பப் பரணில் போடு. வெளிநாட்டார் இங்கே தங்க, இந்த நாட்டு உறவினர் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். நண்பன் என்றால் செல்லாதாம், ரத்த உறவாக இருக்கவேண்டுமாம். மூன்று நாள் வரிசையில் நின்று படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். உறவுமுறைக் கட்டத்தில் பொய்தான் எழுதினேன், வாழ்நாளில் இரண்டாவது. இதில் யாருடைய வலைக்கும் நஷ்டமில்லை. ஆயுள் முழுக்க அனுமதி, இந்த உறைக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுக்கு வர இனி எனக்குச் சாவடி கிடையாது. டீ போட்டு வை. கோபம் மிச்சமிருந்தால் நேரில் திட்டு.

உன் அண்ணன்,
நோட்டு