ஏழாம் மைல் மதகு

அண்ணை,

இன்று காலை லண்டனில் எங்கள் பிளேஸ்டோ வீதியைக் கிண்டிப் போட்டுக் கவுன்சில்காரர் தார் ஊற்றுகிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் மணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஷிப்டையும் மறந்து அந்தக் குழியடியில் போய் நின்றிருப்பீர்கள். "கல்லுக் காணாது தங்கச்சி, ரெண்டு மாரிக்குத் தாங்காது" என்று வந்து எனக்குச் சொல்லியிருப்பீர்கள். எனக்கென்ன விளங்கும்? விளங்காவிட்டாலும் சொல்லுவீர்கள்.

ஊரில் நீங்கள் றோட்டு இஞ்சினியர். இங்கே எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்துகொண்டு இல்ஃபோர்ட்டில் பெற்றோல் அடிக்கும் இடத்தில் வேலை. வன்னிப் பாதைகளுக்குக் கீழால் தண்ணீர் ஓடக் கட்டிய சின்னப் பாலம், மதகு ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தீர்கள். நிற்கிற மதகுக்கு நீலக் கோடு, உடைந்ததற்குச் சிவப்பு. ஊரிலிருந்து யார் புதிதாக வந்தாலும் வாசலிலேயே பிடித்துக்கொள்ளுவீர்கள். "எந்தப் பாதையாலை வந்தனீங்கள்? எந்த மதகிலை இறங்கி நடந்தனீங்கள்?"

"விசரே உங்களுக்கு? அந்தப் பிள்ளை முதல் முகம் கழுவட்டும்" என்று நான் கத்துவேன்.

"சண்டை நிண்டால் முதல் லொறி எதாலை போறது? அரிசியும் மருந்தும் ஆகாயத்தாலையே போகும்? எது நிக்குதெண்டு ஆராவது எழுதி வைக்கவேணும்" என்பீர்கள்.

குளத்தைச் சுற்றிப் போகிற பாதையில் ஏழாம் மைல் மதகு நீங்கள் கட்டியது. வேலைக்குச் சேர்ந்து கட்டிய முதல் மதகு. "ஆனை போனாலும் அசையாது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

பிறகு அந்த மாரி வந்தது. ஊரில் என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, உடனே வெட்டவேண்டும் என்றார்கள். அயல்வீட்டுக்காரர் காட்டுக்குள்ளால் சைக்கிள் மிதித்து வவுனியாவுக்கு வந்து போன் எடுத்தார். வான் பிடித்தாயிற்று, வவுனியா ஆஸ்பத்திரிக்கு எந்தப் பாதையால் கொண்டுவருவது என்று கேட்டார். நாளைக்கு எடுங்கோ, கேட்டுச் சொல்லுறன் என்றேன். நீங்கள் கொப்பியைப் புரட்டினீர்கள்.

"குளத்தைச் சுத்தி வரச்சொல்லும் தங்கச்சி. நேர்ப்பாதையாலை வந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை. சுத்தினால் நாலு மணித்தியாலம் கூடப் பிடிக்கும். ஆனால் வந்து சேரலாம்."

நாலு மணித்தியாலம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா அந்தக் குலுக்கலைத் தாங்குவாவா? மறுநாள் போன் வந்தபோது என் வாய் சொன்னது: "நேர்ப்பாதையாலை கொண்டு வாங்கோ. பிசகில்லையாம்." பிசகில்லை என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

நேர்ப்பாதையில் மதகை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வான் முன்னுக்கும் போக ஏலாமல் பின்னுக்கும் திரும்ப ஏலாமல் சேற்றில் புதைந்து நின்றது. அம்மா வானுக்குள்ளேயே போய்விட்டா.

செய்தி வந்த அன்று படிக்கட்டில் நின்று கேட்டீர்கள். "எந்த இடத்திலை, தங்கச்சி?"

என் கணவர் பக்கத்தில் நின்றார். அம்மாவை நான்தான் அந்தப் பாதையில் அனுப்பினேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "உங்கடை ஏழாம் மைல் மதகிலைதான்! ஆனை போற மதகு! அதிலைதான் என்ர அம்மா செத்தவ!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

மேலே போய்க் கொப்பியில் அந்த மதகுக்குச் சிவப்புக் கோடு இழுத்தீர்கள். அதன் பிறகு வந்தவர்களிடம் பாதை கேட்பதை விட்டுவிட்டீர்கள். எங்களோடு இருந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டீர்கள். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று இரண்டு வருடம் கடத்தினேன்.

சண்டை நின்ற அந்தக் கொஞ்ச மாதத்தில் பெட்டி கட்டினீர்கள். "றோட்டுத் திருத்த ஆக்கள் தேடுகினம். போறன்" என்றீர்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹீத்ரோ வரைக்கும் கூட வந்தேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை. பாவி நான்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. "தங்கச்சி, மதகு நிக்குது. மேலாலை லொறி போகுது. நீர் அழாதையும்." அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு கோபம் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அண்ணை.

பதில் எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நான் எழுதி முடிக்க முதல் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. றோட்டு வேலை நடந்த இடத்தில் ஷெல் விழுந்ததாம். உங்களை அந்தப் பாதைக் கரையிலேயே அடக்கம் செய்தார்களாம். அன்று கிழித்த பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுப்போன கொப்பி என்னிடம் இருக்கிறது. அந்தச் சிவப்பு நான் சொன்ன பொய். அதன் மேல் நீலம் கீற எத்தனையோ நாள் பேனை எடுத்தேன். போன கிழமை ஊரிலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தா. செருப்புக் கழற்ற முதல் கேட்டேன்: "பிள்ளை, ஏழாம் மைல் மதகாலை வந்தனீரோ?"

"விசரே உனக்கு? அந்தப் பிள்ளை முகம் கழுவட்டும்" என்றார் என் அவர்.

"இல்லை அக்கா, அந்தப் பக்கம் இப்ப ஒருத்தரும் போறேல்லை" என்றா அவ.

நீலம் கீறவில்லை, அண்ணை. நீங்கள் பார்த்த அன்று அது நின்றது. இன்றைக்கு நிற்கிறதா என்று தெரியாமல் இன்னொருத்தியின் அம்மாவை அந்தப் பாதையால் வரச்சொல்ல எனக்கு வாய் வராது.