கழுவிய எலும்பு

12-2-1964, புதன்

நாங்கள் அகழும் பெருங்கற்காலக் கல்வட்டத்து ஈமக்குழியிலிருந்து மேஸ்திரி இன்று ஒரு திமிங்கல எலும்பை எடுத்து நீட்டினார். கத்தி மாதிரி தேய்த்துத் தீட்டியது. செஞ்சி மலையடியில் திமிங்கலம்! உண்மையென்றால், அந்தக் காலத்திலேயே கடற்கரை ஆட்கள் இங்கே பண்டமாற்றுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் மேஸ்திரிக்கு மாமனார் ஊர் மரக்காணம். போன வாரம்தான் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தார். நல்ல பொருள் கிடைத்தால் தோண்டும் வேலையும் நீளும்.

"நெஜமா இந்தக் குழியிலதான் இருந்துச்சா?"

"வேற எங்க சார் இருக்கும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. புது வெட்டா என்று பார்க்க, எலும்பை வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். துளைகளில் அப்பியிருந்த மண் முழுதும் கரைந்தது. வெட்டு பழையதுதான்.

மேஸ்திரி வாளியை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கழுவிட்டீங்க? ஒட்டியிருக்குற மண்ணுதான் சாட்சின்னு நீங்கதான சொன்னீங்க?"

நாளை மேலதிகாரி வருகிறார். இது இந்தக் குழியில்தான் கிடைத்ததா என்று என்னைக் கேட்பார். நான் சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.