பின்மூடிக்குள் ஒரு பெயர்

குவைத்
12.3.1989

அன்புள்ள றெஜினா,

நான் சுகம். உமக்கும் மகளுக்கும் மாமியின் முழங்காலுக்கும் சுகம் தர மாதாவை மன்றாடுகிறேன்.

உம்முடைய அப்பா கலியாணத்தன்று எனக்குக் கட்டிவிட்ட பழைய கைமணிக்கூடு நின்றுவிட்டதென்றும், "சூசைதாசன் வீட்டை வந்து பாத்தவர், மினுக்கிப் புதுசாக்கித் தாறாராம்" என்றும் எழுதியிருந்தீர். ஊர்காவற்றுறையில் மணிக்கூட்டுக் கடை வைத்திருப்பவருக்கு நம் வீட்டுக்கு வர நேரமிருக்கிறது. போன கடிதத்தில் அவர் சூசைதாசன் அண்ணை. இதில் அண்ணையைக் காணவில்லை.

மினுக்கினால் அதன் பெறுமதி போய்விடும். முகப்பு மஞ்சளாகவே இருக்கட்டும். உள்ளே கழுவி எண்ணெய் விட்டால் ஓடும்; அதை நான் வந்து செய்வேன்.

போன கிழமை, நான் இங்கே வேலை பழகும் மணிக்கூட்டுக் கடைக்கு அப்படியொரு பழைய மணிக்கூடு வந்தது. பின்மூடிக்குள், முன்பு திருத்தியவர்கள் தங்கள் பெயரெழுத்தை ஊசியால் கீறியிருந்தார்கள். நான் தேய்க்கப் போக, முதலாளி கையைப் பிடித்துவிட்டார். அது தொழில் வழக்கமாம், அழிக்கக் கூடாதாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சூசைதாசனும் கீறுவான். அவன் எழுத்து காலமெல்லாம் என் மணிக்கட்டோடு கிடக்கும். என்னால் ஏலாது.

பஞ்சில் சுற்றி அலுமாரியில் பூட்டிவையும். உம்முடைய படமொன்றும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் அனுப்பும். வேலைக்கு வான் வந்துவிட்டது.

உம்முடைய
அருளப்பு

பி.கு: ஏற்கெனவே கொடுத்துவிட்டீரென்றால், மூடிக்குள் கீறியிருப்பது அவனுடைய பெயரா, உம்முடைய பெயரா என்று மட்டும் எழுதும்.