நாற்பது வெல்டர் தேவை

பழவேற்காடு
11.2.2025

அன்புத் தம்பி வசந்தகுமாருக்கு,

அக்கா ஈஸ்வரி எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய். அதனால்தான் தபால். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார்!

என் வெல்டிங் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. சுற்றுவட்டாரக் கம்பெனிகள் எந்த வேலைக்கு ஆள் கேட்கின்றனவோ அதைத்தான் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்று இரண்டு வருஷம் முன்பு புதுச் சட்டம் வந்ததும், 'நாற்பது வெல்டர் தேவை' என்று முதலில் எழுதிக் கொடுத்தது உன் கம்பெனிதானே. ஹெச்.ஆர். மேனேஜராக நீயே எங்கள் மேடையில் ஏறிச் சொன்னாய். ஹெட்மாஸ்டர் உனக்குச் சால்வை போட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பையன்கள் சேரவில்லை. வகுப்பை மூடிவிடுவார்களே என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களைச் சேர்த்தேன். பூமிகா நர்ஸ் ஆக வேண்டும் என்று இருந்தவள். ஏரியில் நண்டு பிடித்து விற்கிற கங்கம்மாவின் மகள். "நெருப்புல கண்ணு கெட்டுப்போனா எவன் டீச்சர் கட்டிக்குவான்? வேலை கெடைக்குமா?" என்று கங்கம்மா கேட்டாள். "என் தம்பி கம்பெனிதாம்மா கேட்டுக்கினு இருக்குது" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். இன்டர்வியூ எப்போது என்று ஒரு வரி எழுது.

அன்பு அக்கா,
ஈஸ்வரி

கும்மிடிப்பூண்டி
3.3.2025

அன்புள்ள அக்கா,

உன் கட்டைவிரல் கேலியைப் படித்துப் பானு விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி எப்போதும் உன் கட்சிதான்.

இன்டர்வியூ கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. ஆர்டர் குறைவு. நீ பேஜாராகாதே. எதற்கும் இருக்கட்டும், பெண்களை வேறு படிப்புக்கும் அப்ளிகேஷன் போடச் சொல். ஆடிக்கு எல்லாரும் பெரியபாளையம் கோயிலுக்குப் போவோம். வரும்போது நெத்திலிக் கருவாடு கொண்டுவா.

தம்பி,
வசந்தகுமார்

பழவேற்காடு
21.5.2025

தம்பிக்கு,

நேற்று உன் கம்பெனி கேட்டுக்கு வந்திருந்தேன். பூமிகாவும் அவள் தோழிகளும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இன்னா மேடம், வெல்டிங் ஷாப்புல லேடீஸ் எடுக்கறதே இல்லியே. லேடீஸ் பாத்ரூம்கூட கெடையாது. வசந்த் சார் சொல்லலியா?" என்றார் செக்யூரிட்டி.

நீ மாடி ஜன்னலில் நின்றிருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாய்.

பஸ்ஸில் பூமிகா, "பரவால்ல மிஸ், கம்பெனி எப்டி இருக்கும்னு பாத்துட்டோம்ல" என்றாள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

ஈஸ்வரி

கும்மிடிப்பூண்டி
29.5.2025

அக்கா,

எழுதக் கை கூசுகிறது. எத்தனை பேர் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. நாங்கள் நாற்பது என்றோம். பையன்களைத்தான் நினைத்தோம். பெண்களை எடுப்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நீ பெண்களைச் சேர்த்துவிட்டாய் என்று தெரிந்த அன்றே முதலாளியிடம் போனேன். "அவங்களுக்காக ஷாப்பை இடிச்சா கட்ட முடியும்? வுடுப்பா" என்றார். அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சால்வை வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது? இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கங்கம்மாவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

வசந்தகுமார்

பழவேற்காடு
4.6.2025

தம்பிக்கு,

வந்தாய். கங்கம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "டீச்சரு தம்பியா! வா நைனா, மொதல்ல துன்னு" என்று நண்டுக் குழம்பை ஊற்றினாள். "பொண்ணுக்கு எப்போ நைனா வேலை?" என்று கேட்டாள். "சீக்கிரம்மா" என்றாய் நீ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. நமக்குக் கௌரவம் பெரிதாகப் போய்விட்டது.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"அதான் தம்பி சரியா துன்னலியா?" என்றாள்.

பெரியபாளையத்துக்கு நாங்கள் தனியாகப் போய்க்கொள்கிறோம். பொங்கல் சீரும் வேண்டாம். கங்கம்மாவிடம் நீ சொல்ல வேண்டியதைச் சொல். அதுதான் இந்த வருஷம் எனக்குச் சீர்.

ஈஸ்வரி

பழவேற்காடு
17.1.2026

தம்பிக்கு,

கம்பெனிகள் ஆள் கணக்குச் சொல்லும் கூட்டம் போன மாதம் எங்கள் பள்ளியில் நடந்தது. ஒவ்வொருவரும் எண்ணிக்கை சொல்லும்போது எழுந்து, "பெண்களை எடுப்பீர்களா?" என்று கேட்டேன். பாதிப் பேர் போனை நோண்டினார்கள். நீ வரவே இல்லை.

பூமிகா இறால் ஷெட்டில் ஐஸ் உடைக்கிறாள். விரலெல்லாம் வெடித்திருக்கிறது. இப்போதும் என்னைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு வணக்கம் சொல்கிறாள். அதனால் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன்.

பொங்கலன்று நீ அனுப்பிய சீர் கூரியரில் வந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நல்ல புடவையாகத்தான் இருந்திருக்கும். பானுவுக்குக் கொடு.

ஈஸ்வரி