கூண்டில் ஏறிய கடிதம்

யூலை 5, திங்கள்

விடியவே மழை. வெள்ளவத்தை ஸ்ரேஷனில கடல்காத்து குடையைப் புரட்டி ஒரு கம்பி போச்சு. காலமைக்குப் பாணும் சம்பலும். அரிசிக் கூப்பன் விசயமாப் போக வேணும், இண்டைக்கும் போகேல்லை.

கொட்டாஞ்சேனைக் கந்தோரில ஒருத்தரும் வேலை செய்யேல்லை. எல்லாருக்கும் சதாசிவம் ஐயாவின்ர கதைதான். வியாழன் மோசம் போனவர், சனி பிரேதம் எடுத்தது. இருபது வருஷமா எங்கட ஞாயிறு பேப்பரில 'குற்றக்கூண்டு' எழுதின மனிசன். ஆரோ எழுதின கடிதத்தில ஒரு வசனத்தைப் பிடிச்சு, கட்டம் போட்டு நடுவில வைச்சு, அந்தத் தமிழைக் கிழிகிழியெண்டு கிழிக்கிறது. கிளாக்கர்மாரில இருந்து புடவைக்கடை முதலாளிமார் வரை நடுங்கினவை. அதுக்காகவே பேப்பர் வாங்கின சனமும் இருக்கு.

எடிட்டர் கூப்பிட்டார். வாற ஞாயிறு நினைவு மலராம். பழைய கூண்டுகளில நல்லது அஞ்சு திரும்பப் போடுறதாம்.

"நடேசன், கடைசியா ஒண்டு எழுதினவர் எண்டு மகள் சொல்லுறா. உம்மட்டத் தந்தவரோ?"

"இல்லை, சேர்."

வாய் தானாச் சொல்லிப் போட்டுது. ஐயா தந்த ஒரு தாள். என்ர டிரங்குப் பெட்டியில, வேட்டிக்குக் கீழ. ஆறு கிழமையாக் கிடக்கு.

யூலை 6, செவ்வாய்

மழை விட்டிட்டுது. புழுக்கம். புரூஃப் நாலு பக்கம் பார்த்தன். ரெண்டு பிழையை விட்டிட்டனாம், எடிட்டர் சத்தம் போட்டார். கண் எழுத்தில நிண்டால்தானே.

அந்தத் தாளைத் திரும்ப வாசிச்சன். இஞ்ச எழுதி வைக்கிறன், எழுதினாலாவது நெஞ்சு ஆறுதோ பாப்பம்:

'இருபது வருடமாக மற்றவர்களைக் கூண்டில் ஏற்றினேன். இந்த வாரம் கூண்டில் நான். இரண்டு வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனை ஆசிரியை ஒருவரின் கடிதத்தை வைத்துச் சிரித்தேன். அது பத்திரிகையில் வெளியிட எழுதிய கடிதமல்ல, வேலை கேட்டு அந்தரங்கமாக எழுதியது என்று பிறகுதான் அறிந்தேன். அவர் தமிழில் பிழை இல்லை. என் சிரிப்பில்தான் பிழை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை என் கையில் தந்தவர் யாரென்று நான் எழுதமாட்டேன். அவரே எழுதட்டும்.'

தந்தவன் நான். தபால் உடைக்கிறது நான் ஒருத்தன்தான். இது அச்சில வந்தால் கந்தோரில பியோனுக்கும் விளங்கும்.

அது தெரிஞ்சுதானே மனிசன் இதை என்ர கையில தந்தது! படுக்கையில கிடந்துகொண்டு, "நடேசன், நீரே கொண்டு போம், வேற ஆரிட்டையும் குடுக்காதையும்" எண்டார். நான் ரயிலில வாசிச்சுப்போட்டு, கோட்டையில இறங்க மறந்து மருதானை வரை போனனான்.

இண்டையான் பேப்பரில மலருக்கு விளம்பரம். முதலாவதாப் போடப் போறது எதுவாம்? 'விழுந்து விழுந்து சிரிக்க வைத்த ஆசிரியை கடிதம்.' கோதாரி.

யூலை 8, வியாழன்

பத்தரை மணிபோல வாசலில ரிக்‌ஷா ஒண்டு. திரை போட்டிருந்தது. ஒரு முஸ்லிம் நானா மேல ஏறி வந்தார், தொப்பி, கையில எங்கட விளம்பரம். ஆசிரியை ஸுபைதாவின்ர மூத்த சகோதரன். தங்கச்சி கீழ ரிக்‌ஷாவுக்குள்ள இருக்கிறாவாம், மேல வரமாட்டாவாம்.

எடிட்டரும் நானும். நானா நிண்டபடியே கதைச்சார்.

"ஐயா, அதைத் திரும்பப் போட வாணாம். போன முறை பள்ளிக்கூடத்துப் புள்ளையள் அந்த வசனத்தைக் கரும்பலகையில எழுதி வெச்சிட்டுச் சிரிச்ச. தங்கச்சி அந்த ஸ்கூலையே உட்டுட்டா. இப்பதான் நுகேகொடைப் பக்கம் வேற எடம் கெடச்சீக்கி. மூணு மாசம்தான் ஆவுது."

எடிட்டர்: "பேர் போடேல்லையே நானா."

நானா கீழ போனார், கேட்டுக்கொண்டு திரும்பி ஏறி வந்தார். "பேரு போடல்லதான், ஆனா கொட்டாஞ்சேனையில சோனக டீச்சர் எத்தின பேரு ஈக்கிறாங்க எண்டு கேக்கச் சொல்றா."

எடிட்டர் மேசையைப் பார்த்தார். "அதுதான் ஐயாவின்ர பேர் போன கட்டுரை. அதை விட்டிட்டு மலர் போடேலாது."

நானா இன்னொருக்கா இறங்கி ஏறினார். மூச்சு வாங்கிச்சு. "இனிக் கதைக்க ஒண்டும் இல்லையாம், ஐயா. போவமாம்."

நான் சுவரோட நிண்டனான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமெண்டு சொல்லுறது சும்மா இல்லை. மத்தியானம் சாப்பிடேல்லை.

இஞ்சயாவது உண்மையை எழுதடா நடேசா. 'மாதர் பக்கம்' எழுதுற 'கோகிலா' நான்தான். மீசை வைச்ச கோகிலா. பொம்பிளை ஒராள் வேணும் எண்டு எடிட்டர் கதைக்கத் தொடங்கின நேரம் அந்தக் கடிதம் வந்தது. வாசிச்ச உடன விளங்கிச்சு, இவ வந்தால் நான் அவுட். அந்தக் கிழமை கூண்டுக்கு ஆள் இல்லையெண்டு சதாசிவம் ஐயா ஆய்க்கினைப்பட்டுக்கொண்டிருந்தவர். மேல 'அந்தரங்கம்' எண்டு இருந்த துண்டைக் கத்தரிச்சுப்போட்டுக் குடுத்தன்.

யூலை 9, வெள்ளி

கடல் இரைச்சல். நித்திரை இல்லை.

ஒரு யோசினை வந்தது, பேய் யோசினை. ஐயாவின்ர எழுத்தைப் பார்த்து அதே மாதிரி வடிவா ஒரு கொப்பி எழுதினன். கடைசி ரெண்டு வசனமும் இல்லாமல். மன்னிப்பும் வரும், என்ர மானமும் போகாது. பழைய புத்தகத்துக்குள்ள கிடந்தது எண்டு எடிட்டரிட்டக் குடுத்தன். வாசிச்சு முகம் கறுத்துப் போச்சு. "உது அவர் எழுதினதெண்டு எனக்கு என்ன அத்தாட்சி? மகளிட்டக் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்."

பின்னேரம் ஐயா வீட்டுக்கு. மகள் பரமேஸ்வரி வெறுந்தேத்தண்ணி தந்தா. சீனி இல்லையாம், பனங்கட்டித் துண்டு ஒண்டு. கொப்பியை வாங்கி ஒருக்காப் பார்த்தா.

"நடேசண்ணை, இது உங்கட எழுத்து. அப்பான்ர தாள் எங்க?"

"அது... பழுதாப் போச்சு, பிள்ளை."

"பழுதாப் போச்சோ?"

என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா. கோபமெண்டால் தாங்கலாம், கோபம் இல்லை. சேட்டுப் பொக்கற்றில இருந்து எடுத்துக் குடுத்தன். கொண்டுதான் போனனான், ஏனெண்டு தெரியாது.

முழுக்க வாசிச்சா. கடைசி வசனத்துக்கு வரேக்க விரல் நிண்டுது.

"இதுக்குத்தானோ ஞாயிறு ஞாயிறாப் பேப்பரை விரிச்சு விரிச்சுப் பார்த்தவர். நாலாவது ஞாயிறு கண் தெரியேல்லை. என்னைப் பார்க்கச் சொன்னவர். இல்லையப்பா எண்டன். 'பேப்பர் தட்டுப்பாடு பிள்ளை, அவன் போடுவான்' எண்டார்."

அழுதிட்டன். வெக்கமில்லாமல் அந்தப் பிள்ளைக்கு முன்னால குந்தியிருந்து அழுதன். அவ அழேல்லை. ஐயாவின்ர தாளின்ர ஓரத்தில தன்ர பேரை எழுதி நீட்டினா. "நீங்களே கொண்டு போய்க் குடுங்கோ."

யூலை 10, சனி

வேலைகள்: 3ம் பக்கப் புரூஃப். மரண அறிவித்தல் ரெண்டு. தாள்.

எடிட்டரிட்ட ஐயாவின்ர தாள் குடுத்தன். தந்தவன் நான் எண்டும் சொன்னன். பேந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடைசி ரெண்டு வசனத்தையும் வெட்டினார். "ஆசிரியை கட்டுரையை எடுத்துப்போட்டு இதைப் போடும். இந்த ரெண்டும் வேண்டாம். நீர் எங்கட ஆள். ஊருக்கு என்னத்துக்கு?"

பெரிய மனசுதான். நேற்றுக் காலமை சொல்லியிருந்தால் காலில விழுந்திருப்பன்.

கீழ போனன். அச்சுக் கோக்கிற சவரிமுத்தர் தனிய நிண்டவர். "வெட்டினதையும் சேர்த்துப் போடுங்கோ, அண்ணை." கீழ ஒரு வரி நானே கோத்தன், எழுத்து ரெண்டு தரம் கொட்டுப்பட்டுது: 'அந்தக் கடிதத்தைக் கொடுத்தவன் நான். இதை ஆறு வாரம் ஒளித்தவனும் நான். மாதர் பக்கம் கோகிலாவும் நான். - சி. நடேசன்.'

சவரிமுத்தர் தலைகீழா வாசிச்சார். "விசரே உனக்கு?"

"ஓம்."

அச்சுச் சட்டத்தில கட்டையை இறுக்கினார்.

யூலை 11, ஞாயிறு

வந்திட்டுது. அறை தந்த வீட்டுக்காரரும் வாசிச்சவர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடேல்லை.

யூலை 12, திங்கள்

எடிட்டர்: மாதர் பக்கம் இனி இல்லை. புரூஃப் மட்டும், அதுவும் மாதம் முடியும் வரை. பியோன் என்னைக் கண்டு "கோகிலா அக்கா, தேத்தண்ணி" எண்டான். எல்லாரும் சிரிச்சினம். சிரிக்கட்டும்.

யூலை 13, செவ்வாய்

தூறல். பதினொரு மணிபோல ரிக்‌ஷா. நானா ஏறி வந்தார். எடிட்டரைக் கேக்கேல்லை, நேரா என்ர மேசைக்கு. அடிப்பாரோ எண்டு எழும்பி நிண்டன். அடிச்சால் வாங்கத்தான் நினைச்சனான்.

"தங்கச்சி வாசிச்ச. ரெண்டு தரம் வாசிச்ச."

"ஓம், நானா."

"அவவுக்கு அந்தக் கடிதம் வேணுமாம். அண்டைக்கு எழுதினத. கொப்பி ஒண்டும் வெச்சிக்கல்ல. அண்டேல இருந்து அவ ஒரு வரி எழுதல்ல, ஐயா. அது நெசமாவே அவ்வளவு மோசமா ஈந்திச்சா எண்டு ஒருக்காப் பாக்கணுமாம்."

நல்ல கடிதம், நானா. அவ்வளவு நல்ல கடிதம் அந்தத் தபால்பெட்டியில வந்ததே இல்லை. சொல்ல வாய் வரேல்லை.

"ஐயா திருப்பித் தந்த உடன கிழிச்சிட்டன்" எண்டன்.

நானா கீழ இறங்கிப் போனார். படியில நிண்டு காது குடுத்தன். தமையன் சொல்லுறது கேட்டுது. அவ சொன்னது கேக்கேல்லை. ரிக்‌ஷா போயிட்டுது.